மட்டக்களப்பிற் காலாற நடத்தல்

மட்டக்களப்பு நகரையும் அதைச் சூழ்ந்த குறிச்சிகளையும் ஒருமுறை பெயர்சொல்லி எண்ணிப் பார்த்தால், அந்நகரின் அமைப்பு முழுவதும் அப்பெயர்களிலேயே அடங்கியிருப்பது புலப்படும். புளியந்தீவு, கோட்டைமுனை, உப்போடை, அமிர்தகழி, பாலமீன்மடு, முகத்துவாரம் என்பன நீரோடு பிறந்த பெயர்கள். தீவும் முனையும், ஓடையும் கழியும், மடுவும் முகமும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் இடமே மட்டக்களப்பு. அரசடி, நாவலடி என்பன மரத்தடியிற் பிறந்த பெயர்கள். நீர்வழி வந்து கரையேறியவர்க்கு நிழல் தந்த மரமே அவ்விடத்துக்கு அடையாளமாக நின்றது போலும். நகரின் பெயரோ இன்னும் வெளிப்படையானது. களப்பு என்பது கடலோடு தொடர்புடைய உப்பங்கழி. மட்டமாகப் பரந்து கிடக்கும் களப்பு ஆதலின் மட்டக்களப்பு ஆயிற்று என்பர்.

இத்தகைய ஓர் ஊரை விரைந்து செல்லும் வண்டியிலிருந்து கண்டறிதல் அரிது. கல்லடிப் பாலத்தை ஒரு மோட்டார் வண்டி கடப்பதற்கு ஒரு நிமிடமும் வேண்டியதில்லை. அதற்குள் வாவி கண்ணுக்குத் தோன்றி மறையுமேயன்றி, அதன் காற்றோ மணமோ ஒலியோ வண்டிக்குள் வருவதில்லை. நடப்பவர்க்கே மட்டக்களப்புத் தன்னைக் காட்டுகிறது. அவ்வாறு நடப்பதற்குப் பெருமுயற்சியும் தேவையில்லை. ஏறுவதற்கு மலையில்லை, நிலம் எங்கும் சமதரை. பேரக் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு பாட்டனார் இளைப்பாறி இளைப்பாறிச் செல்லத்தக்க வழிகள் மூன்று இங்கு உள. தீவைச் சுற்றி வருவது முதலாவது. வாவிக்கரையாற் சென்று, பாலத்தைக் கடந்து, கடலைக் காண்பது இரண்டாவது. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் வரை செல்வது மூன்றாவது.

வழிகளைக் கூறுமுன் இடத்தின் கிடக்கையைச் சிறிது விளக்குதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டியே நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம் ஒன்று வரப்புப்போல் ஓடுகிறது. சூரியன் எழும் திசையிலுள்ள அம்மணற்கரையை எழுவான்கரை என்றும், சூரியன் படும் திசையிலுள்ள வயல்நிலக் கரையைப் படுவான்கரை என்றும் இந்நாட்டு மக்கள் வழங்குவர். கிழக்கு, மேற்கு என்னும் சொற்களைக் காட்டிலும் இவை நடப்பவர்க்குப் பெரிதும் பயன்படுவன. காலையில் எக்கரையில் நிற்பது, மாலையில் எத்திசை நோக்கி நடப்பது என்பதனை இப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. நகரமும் மூன்று கூறாகவே அமைந்துள்ளது. வாவியின் நடுவே உள்ளது புளியந்தீவு. அதற்கு எதிரே பெருநிலத்திற் கடைவீதிகளோடும் புகையிரத நிலையத்தோடும் விளங்குவது கோட்டைமுனை. வாவிக்கு அப்பால் கடலோரத்தில் உள்ளது கல்லடி. இம்மூன்றையும் பாலங்கள் இணைக்கின்றன.

நடப்பதற்கு ஏற்ற பருவமும் வேளையும் உண்டு. ஐப்பசியில் தொடங்கும் மாரிமழை கார்த்திகை, மார்கழியில் மிகும். அக்காலத்தில் வாவி பெருகித் தாழ்ந்த வீதிகளை மூடுவதும் உண்டு. மாசி பிறந்த பின் வானம் தெளியும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும். நண்பகல் வெயில் கடுமையாயிருக்கும். ஆதலின் காலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரையும், மாலை நான்கரை மணிக்குப் பின்னும் நடப்பதே நன்று. குடையும் குடிநீரும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும்.

முதலாவது வழி மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே தொடங்குகிறது. அங்கே வாவியின் ஓரமாகக் காந்தி பூங்கா அமைந்துள்ளது. காந்தியடிகளின் சிலையும், அமர்வதற்கு இருக்கைகளும், நீரைத் தழுவி வரும் காற்றும் உடைய இப்பூங்கா காலையில் நடைபயில்வோருக்கும் மாலையிற் பிள்ளைகளுக்கும் உரியது. பூங்காவை அடுத்து நிற்கும் சிறிய வாயிலை மட்டக்களப்பு வாயில் என்பர். சாலைகள் செம்மையுறாத காலத்தில் இந்நகருக்கு வருவோர் பெரும்பாலும் நீர்வழியே வந்தனர். 1814ஆம் ஆண்டில் இங்கு வந்து இறங்கிய மெதடிஸ்த சபைக் குரு வில்லியம் ஓல்ட் என்பாரின் நினைவு இவ்விடத்தோடு இணைந்துள்ளது. அவர் அவ்வாண்டிலேயே தொடங்கிய பாடசாலை இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக விளங்குகிறது. வந்த மறு ஆண்டிலேயே அவர் இம்மண்ணில் உயிர்நீத்தார். ஓராண்டும் நிரம்பாத பணி இரு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பது வியப்புக்குரியது.

இக்கரையில் நின்று எதிரே நோக்கினால் நீருக்கு அப்பாற் கோட்டை தெரியும். கோட்டையினுள்ளே சென்று காண்பதற்கு முன், தொலைவிலிருந்து காண்பதே அதனை விளங்கிக்கொள்ளும் முறையாகும். இருபுறம் வாவி, இருபுறம் அகழி, நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் என அமைந்த சிறிய கோட்டை இது. நீரே அதற்கு முதல் மதில். 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டியரசனைக் காணச் சென்றார். கிழக்குக்கரையில் ஒல்லாந்தர் காலூன்றுவதற்கு முன்னர்த் தாம் அரண் அமைக்க விரும்பிய போர்த்துக்கேயர் 1628இல் இக்கோட்டையைக் கட்டினர். பத்தே ஆண்டுகள் சென்றன. 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச்சேர்ந்த ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதற் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் நெடுங்காலம் கச்சேரியாக இருந்தமையால், பீரங்கிக்கு அஞ்சிய மக்கள் தலைமுறைகள் மாறியபின் காணி உறுதிக்காகவும் அனுமதிப் பத்திரத்துக்காகவும் அதே வாயிலின் வழியே சென்று வரலாயினர்.

கோட்டைக்கு எதிரே நிலம் முனையாக நீண்டிருப்பதனாலேயே கோட்டைமுனை என்னும் பெயர் வந்தது. அம்முனையிலிருந்து பாலத்தாற் புளியந்தீவை அடைந்தால், வீதிகள் ஒடுங்கி, ஓசை குறைந்து, பழைய நகரம் தொடங்கும். இத்தீவு மிகச் சிறியது. எந்த வீதியிற் சென்றாலும் இறுதியில் வாவியே எதிர்ப்படும்; ஆதலின் வழிதவறுவோம் என்ற அச்சம் வேண்டியதில்லை. ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலும், புனித மரியாள் பேராலயமும், 1873இல் நிறுவப்பட்ட புனித மிக்கேல் கல்லூரியும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் உள்ளன. பந்தி என்பது விலங்குகளைக் கட்டும் கொட்டிலைக் குறிக்கும் சொல். யானைகள் கட்டப்பட்ட ஒரு காலத்தை அப்பெயர் நினைவில் வைத்திருக்கிறது. காலைப் பூசைமணியும் ஆலயமணியும் அடங்குமுன், நீருக்கு அப்பாலுள்ள பள்ளிவாசல்களின் பாங்கொலியும் காற்றில் வந்து சேர்வதுண்டு. நீர் நடுவே உள்ள ஊரில் ஒலிக்குத் தடையில்லை.

இத்தெருக்களில் நடப்பவர் பறங்கியர் வீடுகள் சிலவற்றையும் காணலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆகியோரின் வழித்தோன்றல்களான இவர்கள் கைவினையிற் சிறந்தவர்கள். போர்த்துக்கேயம் கலந்து பிறந்த தம் பழைய வீட்டுமொழியை இவர்களுள் முதியோர் சிலர் இன்றும் பேசுகின்றனர். கோட்டையைக் கட்டிய அரசு மறைந்து ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஆகியும், அதன் சொற்களிற் சில ஒரு சமையலறையில் உயிரோடு இருக்கின்றன. தீவைச் சுற்றி மீண்டும் பூங்காவை அடைய, நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம் போதும்.

இரண்டாவது வழி மாலைக்குரியது. பூங்காவிலிருந்து வாவிக்கரை வழியே கல்லடிப் பாலத்தை நோக்கி நடக்க வேண்டும். இக்கரையிற் சிறு தோணிகள் கட்டப்பட்டிருக்கும். வீச்சுவலைக்காரர் இடுப்பளவு நீரில் அசையாது நிற்பர். பக்கத்திலேயே கொக்கும் அசையாது நிற்கும். இருவர் நோக்கமும் ஒன்றே. நீர்க்காகங்கள் கம்பங்களில் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்தும். சில இடங்களில் நீரோரத்தே கண்ணாவும் கண்டலும் தில்லையும் அடர்ந்திருக்கும். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் இம்மரங்களின் வேரடியேயாகும். அலையின் வேகத்தைத் தணித்து, ஆற்றுநீர் கொண்டுவரும் வண்டலைப் பிடித்து நிறுத்துவதும் அவ்வேர்களே. தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் விளைக்கும். ஆதலின் அதன் கிளையை ஒடித்தல் கூடாது. இம்மரச்செறிவுகளின் ஓரமாக நீரில் இறங்குதலும் தகாது. வாவியில் முதலைகள் உண்டு.

பழைய கல்லடிப் பாலம் 1924ஆம் ஆண்டிற் கட்டிமுடிக்கப்பட்டது. அக்காலத் தேசாதிபதி சேர் வில்லியம் மன்னிங்கின் துணைவியார் பெயரால் அதற்கு லேடி மன்னிங் பாலம் எனப் பெயரிட்டனர். முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடைய இவ்விரும்புப் பாலம் ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க அகலமுடையது. ஒருபுறம் வரும் வண்டிக்காக மறுபுறத்தார் காத்து நிற்பது தலைமுறை தலைமுறையாக இந்நகரின் வழக்கமாயிருந்தது. 2013ஆம் ஆண்டில் அதன் அருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டபின் பெரிய வண்டிகளெல்லாம் அதன்வழியே செல்லலாயின. பழைய பாலத்துக்கு ஓய்வு கிடைத்தது. நடப்பவர்க்கோ அதனால் அமைதி கிடைத்தது. பாலத்தின் நடுவே நின்று படுவான்கரைப் பக்கம் நோக்கினால், சூரியன் வாவியில் இறங்கும் காட்சியைக் காணலாம்.

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று புகழ்வதற்குக் காரணமான ஒலி பிறப்பதும் இப்பாலத்தின் அருகிலேதான். சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களில், காற்றடங்கிய இரவுகளில், சிறப்பாக முழுநிலா நாட்களில், நீருக்கடியிலிருந்து இன்னொலி எழுவதாகப் பல தலைமுறையினர் கூறி வந்துள்ளனர். இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனென்ற் 1848ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் இங்கு வந்தபோது, ஒரு நிலா இரவிற் படகேறிச் சென்று இவ்வொலியைத் தாமே கேட்டார். அஃது ஒரே நீண்ட ஒலியன்று; ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே ஒலிக்கும் எண்ணற்ற சிற்றொலிகளின் கூட்டம் என்று அவர் எழுதிவைத்தார். படகின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது. செம்படவர் அதனை ஊரி என்னும் சிப்பியுயிரின் குரல் என்றனர். அவரும் அக்கருத்தின்பாற் சாய்ந்தார். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நகரில் வாழ்ந்த இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி இவ்வொலியைப் பதிவு செய்தார். அஃது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று.

மீன் பாடுமோ என்று ஐயுறுவோருக்கு விஞ்ஞானம் விடை தருகிறது. மீன்களிற் பல தம் உடலினுள்ளே காற்றுப்பை உடையன. அப்பையை ஒட்டியுள்ள தசைகளை விரைந்து அதிரச் செய்தால், தோல் போர்த்த மத்தளம்போல் அஃது ஒலிக்கும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிற் படகுவீடுகளில் வாழ்வோர் கோடை இரவுகளில் ஓயாத முரலொலி ஒன்றால் உறக்கமிழந்தனர். ஆராய்ந்தபோது, இனப்பெருக்கக் காலத்திற் பெண்மீனை அழைக்கும் ஒருவகை ஆண்மீனின் குரலே அஃதெனத் தெளிந்தது. மட்டக்களப்பு வாவியிற் பாடுவது இன்ன மீன், இன்ன சிப்பி என்று முடிந்த முடிபாகக் கூறும் ஆராய்ச்சி எழவில்லை. ஆயினும் கேட்கும் முறையைச் செம்படவர் அறிவர். படகை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறு நுனியைக் காதில் வைத்தல் வேண்டும். மரம் நீரின் ஒலியைக் காதுக்குக் கொண்டுவரும். வண்டிகளின் ஓசை மிகுந்த இந்நாளிற் பாலத்தின் மேல் நின்று வெறுங்காதாற் கேட்பது அரிதாகிவிட்டது. கேட்க விரும்புவோர் நள்ளிரவு வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

இவ்வொலியைப் பொருட்படுத்திக் கேட்டவருள் தமிழுலகம் மறவாத ஒருவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இற் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, துறவு பூண்டு, பழந்தமிழ் இசையின் இலக்கணத்தைக் கணக்கியல் முறையால் ஆராய்ந்து யாழ்நூல் இயற்றியவர் அவர். வாவியின் இசையை நீரரமகளிர் பாடலாகக் கற்பனை செய்து அந்நூலிலும் இடம்பெறச் செய்தார். பாலத்தைக் கடந்து கல்லடி உப்போடைக்குச் சிறிது தூரம் நடந்தால், அவர் 1929இல் நிறுவிய சிவாநந்த வித்தியாலயத்தை அடையலாம். யாழ்நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். அவருடைய சமாதி அப்பாடசாலைச் சூழலிலேயே உளது. பிள்ளைகள் பாடம் படிக்கும் ஓசை கேட்கும் இடத்தில் ஓர் ஆசிரியர் துயில்வதைக் காட்டிலும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை.

அங்கிருந்து கடல் மிக அண்மையில் உள்ளது. கல்லடியின் குறுக்குத் தெருக்களில் எதனிற் சென்றாலும், வாவிக்கரையிலிருந்து கடற்கரைக்கு மெதுவாக நடப்பவர்க்கும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒருபுறம் அசைவற்ற வாவி, மறுபுறம் ஓயாத கடல். நடுவே தென்னையும் வீடும் கோயிலும். இந்த அழகுக்குக் காரணமான ஒடுக்கமே ஒரு நாள் பேரழிவுக்கும் காரணமாயிற்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை இக்கரையை வந்து தாக்கியது. கல்லடியிலும், பறங்கியர் பலர் வாழ்ந்த டச்பாரிலும், அதற்கு வடக்கே வாவிக்கும் கடலுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்டிருக்கும் நாவலடியிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் மாண்டனர். நாவலடியில் கடல் நிலத்தைக் கடந்து வாவியோடு கலந்தது. கடற்கரையிலுள்ள திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அலையின் அடியாற் சாய்ந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர் கரைக்கு வந்து விளக்கேற்றுகின்றனர்.

இவ்விடத்தில் நடப்பவர் அறியவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கடற்கரைக்குச் செல்லும் வழியிலேயே, பாலமும் உயர்ந்த கட்டடங்களும் எத்திசையில் எத்துணைத் தூரத்தில் உள என்பதனை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால், அல்லது நிலம் நடுங்குவது உணரப்பட்டால், பார்த்துக்கொண்டு நில்லாது கடலைவிட்டு விலகி உயர்ந்த இடத்தை அடைதல் வேண்டும். 2004இல் உள்வாங்கிய கடலின் அடியைக் காணச் சென்றோர் கரைகள் பலவற்றில் உயிரிழந்தனர். ஒரு தெருவைக் காலால் நடந்து அறிந்தவர்க்கு இக்கட்டான வேளையில் அத்தெரு வழிகாட்டும். பிள்ளைகளை இவ்வழியில் அழைத்துச் செல்வோர் இதனை அச்சமூட்டாமல் ஒரு விளையாட்டுப்போல் கற்பித்துவிடலாம்.

மூன்றாவது வழி சற்று நீண்டது. நகரிலிருந்து பார் வீதி வழியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சென்றால் பாலமீன்மடு வெளிச்சவீட்டை அடையலாம். முழுவதும் நடக்க இயலாதவர் ஒரு பகுதியை முச்சக்கர வண்டியிற் கடக்கலாம். துவிச்சக்கர வண்டியும் ஏற்றதே. இடையே அமிர்தகழிக்குத் திரும்பினால் மாமாங்கேஸ்வரர் ஆலயமும் அதன் தீர்த்தக் குளமும் உள்ளன. இராமபிரான் இலங்கையில் இறைவனை வழிபட்ட தலங்களுள் இஃதொன்று என்பது ஐதிகம். ஆடி அமாவாசையன்று பல்லாயிரவர் இங்கே தீர்த்தமாடித் தம் முன்னோரை நினைந்து கடன் செலுத்துவர். மற்ற நாட்களில் குளக்கரை மரநிழலில் ஆரவாரமின்றி அமர்ந்திருக்கலாம். நடை நடுவில் இளைப்பாறுவதற்கு இதனினும் நல்லிடம் இல்லை.

அதற்கப்பால் வீடுகள் குறையும். நீரும் மணலும் மிகும். வெளிச்சவீடு 1913ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. உயரம் 28 மீட்டர். அதன் அருகே வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் உள்ளது. கோடையிற் கடலலை மணலைக் குவித்து இவ்வாயை அடைத்துவிடும். மாரியில் ஆறுகளும் குளங்களும் வாவியை நிரப்பும். வெள்ளம் வயலையும் வீட்டையும் மூடும் அளவுக்கு உயர்ந்தால், அம்மணல்மேட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். இதனை முகத்துவாரம் வெட்டுதல் என்பர். முந்தி வெட்டினால் நன்னீரும் மீனும் வீணாகும். பிந்தி வெட்டினால் படுவான்கரை உழவனின் பயிர் அழுகும். உழவனும் செம்படவனும் ஒரே மணல்மேட்டை வெவ்வேறு கவலையோடு நோக்குகின்றனர். இந்நீர்நாட்டின் வாழ்வு முழுவதையும் ஒரே பார்வையில் விளக்கும் இடம் இதுவே. ஆனால் நீரோட்டம் கடுமையாதலின் இங்கே குளித்தல் கூடாது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி இக்கரையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நீண்ட போர்க்காலத்தில் காவலரண்களும் அச்சமும் மக்களை வீட்டுக்குள் முடக்கின. மாலையில் வாவிக்கரையிற் காற்று வாங்குவது என்பதே அக்காலத்தில் எளிய காரியமன்று. இன்று ஒரு தாய் தன் குழந்தைகளோடு பொழுது சாய்ந்தபின் பூங்காவில் அமர்ந்திருக்கிறாள் என்றால், அது சிறிய செய்தியன்று. பல ஆண்டுகள் இழந்திருந்த உரிமை ஒன்றை அவள் மீண்டும் துய்க்கிறாள்.

ஆயினும் அவ்வுரிமைக்குப் புதிய இடர்கள் தோன்றியுள்ளன. கரையோரத்தில் மண் கொட்டி நிலம் பெருக்குவோரும், கண்டல் மரங்களை வெட்டுவோரும், குப்பையை நீரிற் கொட்டுவோரும் வாவியைச் சிறிது சிறிதாக ஒடுக்குகின்றனர். கரையோரப் பாதுகாப்புக்கென 1981இல் இயற்றப்பட்ட சட்டம் உண்டு. 2015ஆம் ஆண்டில் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டமும் தொடங்கப்பெற்றது. ஆனால் சட்டத்தின் கண்கள் எல்லாக் கரையிலும் எப்போதும் இருத்தல் இயலாது. நாள்தோறும் நடப்பவரின் கண்களே அங்கு இருக்கும். நேற்று நின்ற மரம் இன்று இல்லை என்பதனை முதலில் அறிபவர் அவ்வழியே நடப்பவர்தாம். நடப்பார் இல்லாத கரை வேலியடைக்கப்பட்டாலும் கேட்பார் இரார்.

ஆதலின் வெளியூரிலிருந்து வருவோரும் இவ்வழிகளை விருந்தினர்க்குரிய ஒழுக்கத்தோடு பயன்படுத்துதல் வேண்டும். கோயிலினுள்ளும் பள்ளிவாசலினுள்ளும் காலணியின்றியும் தக்க உடையோடும் செல்க. காயும் வலையை மிதித்தலும், தோணியில் உடையவரைக் கேளாது ஏறுதலும் ஆகா. கொண்டுசென்ற போத்தலையும் பொதியையும் திரும்பக் கொண்டுவருக. வழி தெரியாவிடில் கரையில் இருப்பவரைக் கேட்கலாம். மட்டக்களப்பார் வழி சொல்வதோடு நில்லாது உடன்வந்து காட்டும் இயல்பினர்.

ஒரு நாள் மட்டும் தங்குவோர் இரண்டாவது வழியையே தெரிந்துகொள்க. இரு நாட்கள் தங்குவோர் விடியலில் தீவைச் சுற்றி, மறுநாள் முகத்துவாரம் செல்க. தங்கும் நாட்களுள் ஒன்று முழுநிலா நாளாக அமையுமாயின், இரவுணவுக்குப் பின் பழைய பாலத்துக்குச் சென்று, நடுவிடத்தில் ஓசையின்றிச் சிறிது நேரம் நிற்றல் வேண்டும். மீன் பாடினும் பாடாவிடினும், படுவான்கரையிலிருந்து வரும் காற்றும், நீரிற் பரந்த நிலவும், தொலைவிலே தோணியொன்றின் துடுப்போசையும் அவர்களுக்குக் கிடைக்கும்.